கரடியும் சட்டமும்
அமெரிக்க மாநிலங்களில் வேட்டைப் பருவம் பற்றிய வழக்குகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மேல்வகுப்பு மாணவர்க்கு அதிகாரப் பிரிவு பற்றிய குடியியற் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், காட்டிலே திரியிற மிருகம் ஆருக்குச் சொந்தம்?" என்று வினவினான். வகுப்பிற் சிரிப்பு எழுந்தது. "அரசாங்கத்துக்கு" என்று சுருங்கக் கூறி யான் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் விட்டானல்லன். "அப்பிடியெண்டால், அதைச் சுடலாமோ, சுடக்கூடாதோ எண்டு அரசாங்கத்திலே ஆர் சொல்லுறது?" என்று மீண்டும் கேட்டான். மணி அடித்தமையால் அன்று தப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. விடை தேடியபோது, கடல் கடந்த ஒரு நாட்டில் அதே வினாவை நடுவில் வைத்து ஆளுநர்களும் ஆணையாளர்களும் வேட்டைக்காரரும் விலங்குப் பாதுகாவலரும் பல்லாண்டுகளாக வழக்காடி வருதலைக் கண்டேன். அவ்வழக்குகளிற் சிலவற்றை எடுத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், காட்டு விலங்கின் உரிமை பற்றிச் சட்டம் கூறுவதை அறிதல் வேண்டும். பழைய இங்கிலாந்திற் காட்டு மானை வேட்டையாடுதல் அரசனுக்கும் அவனாற் சலுகை பெற்ற பெருமக்களுக்கும் உரியதாய் இருந்தது. ஏழைக் குடியானவன் அரசனது காட்டிலே மானைக் கொன்றாற் கடுந்தண்டம் பெற்றான். அந்நாட்டினின்றும் சென்று அமெரிக்காவிற் குடியேறியோர் இவ்வழக்கத்தை வெறுத்தனர். ஆண்டு, காட்டு விலங்கு எந்தத் தனியாளுக்கும் சொந்தமன்று; பொதுமக்கள் அனைவரின் பொருட்டும் மாநிலமே அதனைப் பேணுகின்றது என்னும் கொள்கை வேரூன்றிற்று. 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், கனெற்றிக்கற் மாநிலத்து வேட்டைப் பறவைகள் பற்றிய வழக்கொன்றில் இக்கொள்கையை வற்புறுத்தியது. 1979இல் ஒக்லகோமா மாநிலத்துச் சிறு மீன்கள் பற்றிய மற்றொரு வழக்கில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. மாநிலம் விலங்கின் 'சொந்தக்காரன்' என்பது சட்டத்தின் ஒரு கற்பனையே என்றும், எனினும் விலங்கைப் பாதுகாக்கும் பொறுப்பும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டென்றும் பின்னைய தீர்ப்பினாற் பெறப்பட்டது. ஆகவே, யான் வகுப்பிற் சொன்ன விடை முற்றும் சரியன்று. அரசாங்கம் உடைமையாளன் அன்று. பிறர் பொருளைக் காத்து நிற்கும் தருமகர்த்தாவைப் போன்றது.

தருமகர்த்தா என்றவுடனே நம்மவர்க்கு ஓர் உண்மை நினைவுக்கு வரும். கோயிற் சொத்து ஆருடையது என்பதிற் பிணக்கில்லை. அதனை நிருவகிப்பவர் ஆர் என்பதிலேதான் வழக்கு எழும். கரடி விடயத்திலும் நிகழ்ந்தது அதுவே.

நியூ ஜேர்சி மாநிலத்தை எடுத்துக்கொள்வாம். ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் மக்கள் நெருக்கம் மிக்கது அதுவே. அதன் வடமேற்கிலுள்ள மலைக்காடுகளிற் கருங்கரடிகள் வாழ்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவற்றின் தொகை நூற்றுக்கும் குறைந்து நின்றது. 1953இல் அவை 'வேட்டை விலங்கு' என்னும் சட்ட நிலையைப் பெற்றன. வேட்டை விலங்கு என்ற பெயர் அவற்றுக்குத் தீங்காயிற்றென நினைத்தலாகாது. அதற்கு முன் எவரும் எக்காலத்தும் அவற்றைக் கொல்லக்கூடியதாய் இருந்தது. வேட்டைக்கு ஒரு பருவத்தை வகுத்தபோது, ஏனைய காலமெல்லாம் பாதுகாப்புக் காலமாயிற்று. 1958 முதல் 1970 வரை சிலமுறை வேட்டை நடைபெற்றது. 1971இல் அது முற்றாக நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட பண்ணைகள் மீண்டும் காடாயின, கரடிகள் பெருகின. அதே காலத்திலே நகரத்து மக்களும் அக்காடுகளின் ஓரத்தில் வீடு கட்டிக் குடியேறினர். குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் கரடி, தேன்கூட்டைப் பிளக்கும் கரடி, வீட்டினுள் நுழையும் கரடி என முறைப்பாடுகள் மிகுந்தன.

இந்நிலையில் வேட்டைப் பருவத்தை மீளத் திறப்பதா என்னும் வினா எழுந்தது. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் மீன், வேட்டை விலங்கு மன்றம் எனப்படும் பதினொருவர் அடங்கிய சபைக்குச் சட்டத்தால் அளிக்கப்பட்டிருந்தது. அச்சபையின் அமைப்பு ஈண்டுக் கருதத்தக்கது. அதன் உறுப்பினருள் அறுவர் வேட்டை, மீன்பிடி விளையாட்டில் ஈடுபட்டோர், மூவர் கமக்காரர், ஒருவர் அருகிவரும் உயிரினங்கள் பற்றிய ஆலோசனைக் குழுவின் தலைவர், மற்றொருவர் நிலப் பயன்பாடு, மண் பாதுகாப்பு ஆகியவற்றில் அறிவுடைய பொதுமகன். வேட்டைக்காரரே பெரும்பான்மையினராய் இருந்து வேட்டையைத் தீர்மானித்தல் எங்ஙனம் நடுநிலையாகும் என்று ஒரு சாரார் கேட்டனர். காட்டு விலங்கைப் பேணுதற்கான பணத்தைத் தருபவர் யாமே. பணம் தருபவனுக்குச் சொல்லும் உண்டு என்று மறு சாரார் விடையிறுத்தனர். இவ்விடை வெறும் வாய்ப்பேச்சன்று. வேட்டை அனுமதிப்பத்திரக் கட்டணத்தோடு, 1937ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டமொன்றின்படி நீள்துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது நூற்றுக்கு 11 வீதமாக அறவிடப்படும் வரியும் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே பகிர்ந்தளிக்கப்படுகின்றது.

2003ஆம் ஆண்டு டிசெம்பரில், முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் வேட்டை நடைபெற்றது. 328 கரடிகள் கொல்லப்பட்டன. மறு ஆண்டிலும் மன்றம் வேட்டைக்கு நாள் குறித்தது. ஆனால், சூழற் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆணையாளர் அதற்கு இணங்கவில்லை. ஒரே அரசாங்கத்தின் இரு கைகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. வேட்டைக்காரர் சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நீதிமன்றம் கூறியது யாது? கரடியைக் கொல்லுதல் நன்றென்றோ தீதென்றோ அது கூறவில்லை. சட்டத்தை ஊன்றி நோக்கி, மன்றம் வேட்டைப் பருவத்தை வகுக்கலாம். ஆயின், அதற்கு அடிப்படையாய் முழுமையான ஒரு கொள்கைத் திட்டம் இருத்தல் வேண்டும். அத்திட்டத்தை ஆணையாளர் அங்கீகரித்திருத்தலும் வேண்டும் என்றது. அத்தகைய திட்டம் இல்லாமையால் 2004ஆம் ஆண்டின் வேட்டை நின்றது. 2005இல் திட்டம் எழுதப்பட்டது, ஆணையாளர் கையொப்பமிட்டார், வேட்டையும் நடைபெற்றது, ஏறக்குறைய 300 கரடிகள் மாண்டன. 2006இல் வேறோர் ஆளுநரும் வேறோர் ஆணையாளரும் பதவியில் இருந்தனர். புதிய ஆணையாளர் அங்கீகாரத்தை மீளப் பெற்றார், வேட்டை நின்றது. 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 2005ஆம் ஆண்டின் திட்டம் பொதுமக்களுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டு அவர்தம் கருத்துக் கேட்கப்பட்டு நிறைவேற்றப்பட்டதன்று. ஆதலின் அது செல்லாது என்று தீர்த்தது. வேட்டையாடி முடிந்து ஈராண்டின் பின், வேட்டைக்கு ஆதாரமாயிருந்த திட்டமே செல்லாதென்னும் தீர்ப்பு வந்தது. கரடிக்கு அத்தீர்ப்பாற் பயனில்லை, சட்டத்துக்குப் பயனுண்டு.

பின்னர் 2010இல், அறிவித்தல், கருத்துக் கேட்டல் என்னும் படிகளைத் தாண்டி ஒரு புதிய திட்டம் வந்தது. அவ்வாண்டு வேட்டையைத் தடுக்குமாறு கோரப்பட்டபோது நீதிமன்றங்கள் இணங்கவில்லை. 590இற்கு மேற்பட்ட கரடிகள் கொல்லப்பட்டன. 2014ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் காட்டுவழி நடந்த இளம் மாணவர் ஒருவர் கரடியாற் கொல்லப்பட்டார். அம்மாநிலத்திற் கரடியால் மனிதர் இறந்ததாகப் பதியப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. 2016இலோ, முன்கால் ஊனமுற்றமையாற் பின்கால்களிலே நடந்து திரிந்து, மக்களாற் பெயரிட்டு நேசிக்கப்பட்ட ஒரு கரடி வேட்டையிற் கொல்லப்பட்டதெனப் பலர் நம்பித் துயருற்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் மக்கள் உள்ளத்தை எதிரெதிர்த் திசைகளில் ஈர்த்தன.

2017ஆம் ஆண்டுத் தேர்தலிற் கரடி வேட்டையை ஒழிப்பதாக வாக்களித்த வேட்பாளர் ஒருவர் ஆளுநரானார். மன்றத்தைக் கலைக்க அவர்க்கு அதிகாரமில்லை. ஆதலின், 2018இல் மாநிலத்துக்கு உரிய நிலங்களில் மாத்திரம் கரடி வேட்டையை மூடச் செய்தார். 2020உடன் வேட்டை நின்றது. 2021இற் பழைய திட்டமும் காலாவதியாயிற்று. ஆயின், கரடிகள் பற்றிய முறைப்பாடுகள் பெரிதும் மிகுந்தன. கரடிகளின் தொகை ஏறக்குறைய 3,000 என அரசு மதிப்பிட்டது. 2022 நவம்பரில் அதே ஆளுநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மன்றமும் 'அவசர விதி' என்னும் வழியால் டிசெம்பர் 5ஆந் தேதி வேட்டை தொடங்குமென்று அறிவித்தது. பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான ஆபத்து உள்ளபோதே அம்மாநிலத்தில் அவசர விதி இயற்றலாம். ஓராண்டு முழுவதும் கண்ணெதிரே வளர்ந்த பிரச்சினை எங்ஙனம் திடீர் அவசரமாயிற்று என்று விலங்குப் பாதுகாவலர் வழக்கிட்டனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது; டிசெம்பர் 6ஆந் தேதி அதனை நீக்கிற்று; வேட்டை தொடங்கியது.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது, ஊசல் ஒன்று ஆடுவதைப் பார்ப்பது போன்ற எண்ணம் எழும். ஆளுநர் மாறக் கொள்கை மாறுகின்றது. கொள்கை மாற வழக்கு எழுகின்றது. நிற்க, ஏனைய மாநிலங்களின் நிலைமையையும் ஒருவாறு நோக்குவாம்.

கொலறாடோ மாநிலத்தார் இவ்வினாவை மக்களிடமே நேராக விட்டனர். 1992இல் நடந்த வாக்கெடுப்பில், வசந்தகாலத்திற் கரடி வேட்டையாடுதலும், இரை வைத்து மயக்கிச் சுடுதலும், நாய்களை ஏவித் துரத்துதலும் ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதமான வாக்குகளால் விலக்கப்பட்டன. வசந்தகால வேட்டை மீது இத்துணை வெறுப்பு ஏன் என்பதற்குக் கரடியின் வாழ்க்கையே விடை தரும். பெண் கருங்கரடி மாரிக்காலத்திற் குகையிலே குட்டிகளை ஈன்று, வசந்தத்தில் அவற்றோடு வெளிவரும். அப்போது தாயைச் சுட்டாற் குட்டிகளும் பட்டினியால் மடியும். பிந்திய இலையுதிர் காலத்திலோ சூல்கொண்ட பெண் கரடிகள் முந்திக் குகை புகுந்துவிடுதலால் அவை ஓரளவு தப்புகின்றன. பருவம் என்னும் ஒரு சொல்லில் எத்துணை உயிர்கள் தங்கியுள என்பதை இதனால் அறியலாம். மெயின் மாநிலத்திலோ, இரை வைத்தல் முதலிய முறைகளை ஒழிக்க 2004, 2014 ஆகிய ஈராண்டுகளிலும் வாக்கெடுப்பு நடந்து, இருமுறையும் வேட்டைக்காரர் பக்கமே வெற்றி பெற்றது. ஆகவே, மக்கள் வாக்கு எப்போதும் ஒரு பக்கமே சாயும் என்று எக்கட்சியாரும் இறுமாத்தலாகாது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஆணைக்குழுவே தீர்மானிக்கின்றது. ஒன்பதின்மர் இருக்கவேண்டிய அக்குழுவில் ஓரிடம் வெறுமையாய் இருக்க, 2021 நவம்பரில் வசந்தகால வேட்டைக்குச் சார்பாக நால்வரும் எதிராக நால்வரும் வாக்களித்தனர். வாக்குகள் சமனாகவே பிரேரணை தோற்றது. மறு வசந்தத்தில் வேட்டை இல்லையாயிற்று. 2022இல் அக்குழு பொழுதுபோக்குக்கான வசந்தகால வேட்டையையே கைவிட்டது.

புளோரிடாவின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டும். 1994இல் மூடப்பட்ட வேட்டை 2015 ஒக்ரோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு வாரம் நடத்தலாமென்றும், 320 கரடிகள் வரை கொல்லலாமென்றும் வகுத்திருந்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அனுமதி பெற்றனர். இரண்டே நாளில் ஏறக்குறைய 300 கரடிகள் மாண்டன. சில பகுதிகளில் வகுத்த அளவு முதல் நாளே மிஞ்சியது. வேட்டை அவசரமாக நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகளின் பின், 2025 ஓகஸ்டில், அம்மாநில ஆணைக்குழு மீண்டும் வேட்டைக்கு இசைந்தது. இம்முறை 172 அனுமதிப்பத்திரங்களே. ஒன்றுக்கு ஒரு கரடியே. பெறுவோர் குலுக்கலால் தெரியப்படுவர் என வகுத்தனர். அனுமதியைப் பெற்றுப் பயன்படுத்தாதிருந்தால் ஒரு கரடியாவது தப்பும் என்று எண்ணி, எதிர்ப்பாளரும் குலுக்கலிற் பங்குபற்றினர்.

இதற்கு முன்மாதிரி வயோமிங் மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கு வாழ்வது கிறிஸ்லி என்னும் பெருங்கரடி. 1975 முதல் அது மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்தது. யெலோஸ்ரோன் பகுதியில் அதன் தொகை ஏறக்குறைய 700ஐ எட்டியபோது, 2017இல் மத்திய அரசு அப்பாதுகாப்பை நீக்கிற்று. உடனே வயோமிங் மாநிலம் 2018இல் 22 கரடிகள் வரை வேட்டையாடலாமென்று விதித்தது. புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படக்காரர் ஒருவர் குலுக்கலில் அனுமதி பெற்று, துப்பாக்கிக்குப் பதிலாகப் புகைப்படக் கருவியையே எடுத்துச்செல்வதாகக் கூறினார். ஆயின், வேட்டை தொடங்குமுன்பே குறோ முதலிய பழங்குடியினரும் பிறரும் தொடுத்த வழக்கில் மத்திய நீதிபதி தடை விதித்து, செப்ரெம்பர் 24ஆந் தேதி பாதுகாப்பை மீட்டளித்தார். ஒரு பகுதிக் கரடிகளை மாத்திரம் பிரித்தெடுத்து விடுவித்தால் எஞ்சிய கரடிகளின் கதி யாதாகும் என்பதை அரசு ஆராயவில்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பாலும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. அவ்வழக்கிலும், வேட்டை அறநெறிக்கு ஒத்ததா என்பது தமது முன்னுள்ள வினா அன்றென்பதை நீதிபதி தெளிவுபடுத்தினார்.

இனி, இவற்றினின்றும் யாம் அறியத்தக்கவை யாவை? முதலாவது, விஞ்ஞானம் எதுவரை செல்லும் என்பதாகும். ஒரு காட்டில் எத்தனை கரடிகள் உள, ஆண்டுக்கு எத்தனை பிறக்கும், எத்தனை கொன்றால் இனம் அழியாது என்பவற்றை உயிரியலறிஞர் மதிப்பிடலாம். ஆனால், இனம் அழியாத அளவில் ஒன்றைக் கொல்லலாம் என்பதாற் கொல்லவேண்டும் என்பது பெறப்படாது. முன்னையது அளவைப் பற்றியது. பின்னையது அறத்தையும் விருப்பத்தையும் பற்றியது. நியூ ஜேர்சியில் இரு கட்சியாரும் "விஞ்ஞானம் எம் பக்கம்" என்றே முழங்கினர். குப்பைத் தொட்டியைக் கரடி திறக்க இயலாதவாறு அமைத்தாலே முறைப்பாடு குறையும் என்றனர் ஒருவர். தொகையைக் குறையாது தொட்டியைப் பூட்டிப் பயனில்லை என்றனர் மற்றவர். காட்டு மரக்கொட்டைகள் பொய்த்த ஆண்டிற் கரடி ஊருக்குள் வருதல் இயல்பாகவே மிகும் என்பதால், ஓராண்டின் முறைப்பாட்டுத் தொகையைக் கொண்டு எதனையும் முடிந்த முடிபாகக் கூறவும் இயலாது.

இரண்டாவது, பெரும்பான்மை பற்றியது. நகரத்தில் ஐந்தாம் மாடியிலிருந்து கரடிக்காக இரங்குபவனுக்கும், காட்டோரத்திலே தேன்கூடும் சோளமும் வைத்துப் பிழைப்பவனுக்கும் ஒவ்வொரு வாக்கே உண்டு. முன்னையோர் தொகையிற் பெரியர். அவர் இரக்கம் பொய்யன்று. எனினும் அதன் செலவை ஏற்பவர் பின்னையோர். அதே வேளையில், இழப்புற்றோர் பெயரைச் சொல்லி வேட்டை விருப்பினரே சபையை நிரப்பிக்கொள்வதும் முறையன்று. பொதுமக்கள் அனைவரின் பொருட்டும் பேணப்படும் ஒன்றுக்குத் தருமகர்த்தாக்களாய் இருப்போர், அதனைப் பயன்கொள்வோருள் ஒரு பகுதியினராக மாத்திரம் இருத்தல் எனக்கு உடன்பாடன்று. வேட்டைக்காரனும் கமக்காரனும் உயிரியலறிஞனும், துப்பாக்கியே எடாத குடிமகனும் ஒரு மேசையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவதே இவற்றுள் தலையாயது. இவ்வழக்குகள் யாவற்றிலும் நீதிமன்றங்கள் கேட்டவை மூன்றே: தீர்மானித்தவர்க்கு அதிகாரம் உண்டா? உரிய படிமுறையிலே தீர்மானித்தாரா? காட்டிய காரணம் ஆராய்ந்து கண்டதா? மாணவர் பலர் இதனைக் கண்டு சலிப்புறுவர். உயிர் ஒன்றின் சாவு பற்றிய வழக்கில் நீதிபதி அறிவித்தலையும் கையொப்பத்தையும் எண்ணிக்கொண்டிருப்பதா என்பர். ஆனால், 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பை மீண்டும் நோக்குக. அன்று படிமுறை தவறியமையால் வேட்டைக்காரர் தோற்றனர். 2010இற் படிமுறை காக்கப்பட்டமையால் அவரே வென்றனர். படிமுறை எக்கட்சியின் அடிமையும் அன்று. இன்று எனக்கு இடையூறாயுள்ள அதே விதி, நாளை என் பகைவன் பதவிக்கு வரும்போது எனக்கு வேலியாகும். தாம் விரும்பும் முடிபு விரைவில் வரவேண்டுமென்று வேலியைப் பிரிப்போர் இதனை நினைத்தல் நலம்.

நம் நாட்டிலும் வன்னிக் காடுகளிலும் வில்பத்துவிலும் கரடி வாழ்கின்றது. அது வேறோர் இனம், தொகையிற் சிறிது, சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது, அதற்கு வேட்டைப் பருவம் இல்லை. ஆகவே, அமெரிக்கரின் வழக்கு நமது வழக்கன்று. எனினும், பொதுவுடைமையான காடும் குளமும் கடலும் நமக்கும் உள. அவற்றைத் திறப்பதா மூடுவதா என்று ஓர் அறிவித்தல் வரும்போது, அதில் உள்ள முடிபு நமக்கு இனிதா என்பதை மாத்திரம் பாராது, அதனை வகுத்தவர் ஆர், ஆரைக் கேட்டு வகுத்தார், என்ன காரணம் காட்டினார் என்று வினவும் பழக்கம் நம் மாணவர்க்கு வேண்டும்.

அன்று வினவிய மாணவன் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகளாயின. இம்மலர் அவன் கையிற் கிடைக்குமாயின், அவனுக்கு என் விடை இது: தம்பி, காட்டு விலங்கு உனக்கும் எனக்கும் இனிப் பிறப்போர்க்கும் பொது. அதனைச் சுடலாமா என்று சொல்பவர், நம்மிடம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர். அக்கணக்கைக் கேளாதிருந்தால், பிழை அவருடையது மாத்திரமன்று.